சார்புகளைக் கற்பிக்கத் துணைநின்றோருக்கு ஒரு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், உடன் பணியாற்றும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

பத்தாம் வகுப்புக் கணிதப் பாடநூலின் முதல் இயலான ‘உறவுகளும் சார்புகளும்’ அம்புக்குறிப் படங்களோடு நின்றுவிடாமல், மாணவர்கள் தம் வீட்டுக் கணக்குகளிலேயே சார்புகளை (ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் ஒரே ஒரு விடை தரும் தொடர்புகளை) கண்டறிய வேண்டும் என்ற நோக்கில் இவ்வாண்டு மேற்கொண்ட செயல்திட்டம் உங்கள் உதவியால் நிறைவுற்றது.

முதல் நன்றி, பழைய மின்கட்டண ரசீதுகளைத் தேடி எடுத்துக் கொடுத்த பெற்றோர்களுக்கு. இணைப்பு எண்ணை மறைத்தே பெற்றோம் என்றாலும், வீட்டுச் செலவைப் பிறர் பார்வைக்குத் தர மனம் வேண்டும். பயன்படுத்திய யூனிட்டுகளை மதிப்பகமாகவும் (உள்ளீடுகளின் தொகுப்பு) செலுத்திய தொகைகளை வீச்சகமாகவும் (விடைகளின் தொகுப்பு) எழுதியபோது, ஒவ்வொரு யூனிட் அளவுக்கும் ஒரே ஒரு தொகைதான் உண்டு, எனவே இது சார்பு என்று மாணவர்களே கூறினர். முதல் 100 யூனிட் வரை எவ்வளவு பயன்படுத்தினாலும் கட்டணம் சுழியமே என்பதால், இது ஒன்றுக்கு ஒன்றான சார்பு (வெவ்வேறு உள்ளீடுகளுக்கு வெவ்வேறு விடைகளே தரும் சார்பு) அன்று என்பதும் அவர்களுக்கு எளிதில் விளங்கியது.

வகுப்பறைக்கே வந்திருந்து கட்டண அடுக்குகளை விளக்கிய மின்வாரியக் கணக்கீட்டாளருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பட்டியலின்படி, இரு மாதங்களுக்கு 500 யூனிட் பயன்படுத்திய வீட்டில் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், அடுத்த 200 யூனிட்டுக்கு 4.50 ரூபாய், கடைசி 100 யூனிட்டுக்கு 6 ரூபாய் என மொத்தம் 1,725 ரூபாய் ஆகும். 501 ஆகிவிட்டாலோ 2.25 ரூபாய் அடுக்கே மறைந்து, 101 முதல் 400 வரை முழுவதும் 4.50 ரூபாயாகி, 401 முதல் 500 வரை 6 ரூபாயாகவே நீடித்து, 501ஆவது யூனிட்டுக்கு 8 ரூபாயும் சேர்ந்து தொகை 1,958 ரூபாயை எட்டுகிறது. ஒரே யூனிட்டுக்கு 233 ரூபாயா என்று வகுப்பே ஆரவாரித்தது. வரைபடத்தில் அந்த இடத்தில் கோடு அறுந்து மேலே தாவுவதைக் கண்டவர்களுக்கு, பதினொன்றாம் வகுப்பில் வரவிருக்கும் தொடர்ச்சித்தன்மை (வரைபடம் அறுபடாமல் செல்லும் பண்பு) புதிதாக இராது. பட்டியல் பின்னர் மாறிவிட்டபோதிலும், கணக்கிட எளிது என்பதால் அதையே வைத்துக்கொண்டோம்.

உடற்கல்வி ஆசிரியர் கபடி ஆடுகளத்தின் அருகே சுண்ணாம்புத் தூளால் இரு அச்சுகளை வரைந்து, நீண்ட கயிறு ஒன்றையும் தந்தார். இருபடிச் சார்பின் கிண்ண வடிவ வளைவரைப் புள்ளிகளில் மாணவர்கள் நிற்க, குத்து அச்சுக்கு இணையாகக் கயிற்றைப் பிடித்து நகர்த்தினால் அது ஒரு நேரத்தில் ஒருவரை மட்டுமே தொட்டது. அதே வளைவரையைப் பக்கவாட்டில் திருப்பி நின்றபோது ஒரே நேரத்தில் இருவரைத் தொட்டது. எந்தக் குத்துக்கோடும் வளைவரையை ஓரிடத்துக்கு மேல் தொடாவிட்டால்தான் அது சார்பு என்னும், கரும்பலகையில் சொல்லிச் சொல்லியும் பிடிபடாத குத்துக்கோட்டுச் சோதனை அங்கே விளங்கிவிட்டது. விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர்கள் கடன் வாங்கித் திருப்பித் தராதது பள்ளிகளில் பழைய வழக்கம். இம்முறை திருப்பித் தந்துவிட்டோம் என்பதையும் பதிவு செய்கிறேன்.

வரைபடங்களைப் பெரிய தாள்களில் வண்ணமிட்டுத் தந்த ஓவிய ஆசிரியருக்கும், உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் வரைபடம் வரைய உதவும் ஜியோஜீப்ரா மென்பொருளைப் பழக்கிய கணினிப் பயிற்றுநருக்கும், நகல் எடுக்கக் காசு வாங்க மறுத்த கடைக்காரருக்கும், இவை அனைத்துக்கும் அனுமதி வழங்கிய தலைமையாசிரியருக்கும் நன்றி.

வரைபடங்கள் காலாண்டு விடுமுறை வரை மாடி வராந்தாவில் காட்சிக்கு இருக்கும். ரசீதுகளை மாணவர்களிடம் உறையிலிட்டுத் திருப்பி அனுப்பியுள்ளோம். ரசீது வந்து சேரவில்லையெனில் அன்புகூர்ந்து தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர், பத்தாம் வகுப்பு