உபா கைதிகளின் 90-வது நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உபா எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் உள்ளே போனால் ஜாமீனே கிடையாது என்றுதான் புழல் சிறையில் கைதிகளை மனு போட்டுப் பார்க்க வரும் குடும்பங்கள் நம்புகின்றன. அதன் 43டி(5) பிரிவு கொடுமையானதுதான். குற்றச்சாட்டுக்கு முகாந்திரம் இருப்பதாக நீதிமன்றம் கருதினாலே ஜாமீன் மறுக்கப்படும். ஆனால், உரிய காலத்தில், அதாவது காவல் நீட்டிக்கப்படாவிட்டால் 90 நாளுக்குள், குற்றப்பத்திரிகை தாக்கலாகாதபோது கேட்கும் ஜாமீனுக்கு அந்தத் தடை பொருந்தாது. நாள் கணக்குத் தெரியாமல் இந்த உரிமை பறிபோகக் கூடாது.

கணக்கு கைதான நாளிலிருந்து அல்ல, நீதிமன்றம் முதன்முதலில் காவலில் வைக்க உத்தரவிட்ட ரிமாண்டு நாளிலிருந்து. அந்த நாளும் சேரும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜனவரி 1-ல் ரிமாண்டு என்றால், லீப் ஆண்டு அல்லாதபோது, மார்ச் 31 தான் 90-வது நாள். ஏப்ரல் 1 காலையிலேயே ஜாமீன் மனு போட வேண்டும். மனுவுக்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போச்சு. வக்காலத்தில் கைதி போடும் கையெழுத்துக்குச் சிறை அதிகாரியின் சான்றொப்பம் வேண்டும். அதை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். ஜாமீன்தாரர்களும் தயாராக இருக்க வேண்டும்; உத்தரவு கிடைத்தும் ஆள் இல்லாமல் வெளியே வர முடியாது.

காவலை 180 நாள் வரை நீட்டிக்கவும் சட்டம் இடம் தருகிறது. அதற்கு விசாரணை அதிகாரியின் கடிதம் போதாது. அரசு வழக்கறிஞரே அறிக்கை தர வேண்டும்; விசாரணை எதுவரை வந்திருக்கிறது, இந்த நபரை இன்னும் ஏன் உள்ளே வைக்க வேண்டும் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். ‘விசாரணை முடியவில்லை’ என்ற ஒற்றை வரியை ஏற்று நீட்டிப்பது அநியாயம். காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குபவரின் வீட்டில் ஆறு மாதம் கூலி வராது என்றால் அடுப்பு எப்படி எரியும்?

நீட்டிப்பு பரிசீலிக்கப்படும்போது கைதியை நேரிலோ காணொலியிலோ ஆஜர்படுத்தி, விஷயத்தை அவருக்குத் தெரிவிக்க வேண்டும். குஜராத் வழக்கொன்றில் 2022-ல் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தி, அப்படிச் செய்யாத நீட்டிப்பைச் செல்லாதென்றது. ஒரு நிமிடம் கேமரா முன் நிறுத்திவிட்டு அனுப்புவது தெரிவித்ததாகாது. தமிழில் சொல்லி, ஆட்சேபம் உண்டா என்று கேட்டு, பதிலையும் உத்தரவில் எழுத வேண்டும்.

புழல் விசாரணைச் சிறையின் சட்ட உதவி மையம், ஒவ்வொரு உபா கைதியின் 90-வது நாளையும் குறித்துவைத்து, இரண்டு வாரம் முன்பே குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் இலவச சட்ட உதவிக்கு 15100-ஐ அழைக்கலாம்.

சட்ட உதவித் தன்னார்வலர்கள்,
வியாசர்பாடி, சென்னை-39