ஆபரேட்டர் அறையையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மூடப்பட்ட புறநகர்த் திரையரங்கின் வரலாறு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். திறப்பு விழா, முதல் படம், நிரம்பி வழிந்த காட்சிகள், மூடிய நாள் எல்லாம் இருந்தன. புரொஜெக்டரில் படம் ஓட்டும் ஆபரேட்டர் அறையைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு இது பெரிய குறையாகப் பட்டது.

தொலைக்காட்சி வந்தது, அரங்கு விழுந்தது என்று கட்டுரை முடிகிறது. அது பாதிக் கதைதான். பிரிட்டனில் 1946-ல் 163 கோடிக்கும் மேல் டிக்கெட் விற்றது. 1984-ல் அது 5.4 கோடியாகச் சுருங்கியது. இதில் தொலைக்காட்சிக்குப் பெரும்பங்கு உண்டு, சரி. ஆனால் 1985-ல் அந்நாட்டின் மில்டன் கீன்ஸ் நகரில் 10 திரை கொண்ட மல்டிபிளெக்ஸ் திறந்தது. அப்புறம் கூட்டம் மறுபடி ஏறியது. வீட்டில் தொலைக்காட்சி அப்போதும் இருந்ததே! ஒற்றைத் திரை அரங்குகளுக்கு மட்டும் ஏன் அந்தக் கூட்டம் திரும்பவில்லை?

பதிலில் ஒரு பகுதி ஆபரேட்டர் அறையில் இருக்கிறது. 2,000 அடி ரீல் ஒன்று 20 நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். அது முடியும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். அதைப் பார்த்து அடுத்த புரொஜெக்டரை ஓடவிட வேண்டும். நடுவே, புரொஜெக்டருக்கு வெளிச்சம் தரும் இரண்டு கார்பன் குச்சிகள் எரிந்து தேயத் தேய அவற்றின் இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். ஆள் நகரவே முடியாது. கார்பன் தேவைப்படாத செனான் விளக்கும், முழுப் படத்தின் ரீல்களையும் ஒன்றாக ஒட்டிக் கிடத்தி ஓட்டும் பெரிய தட்டும் வந்தபின் ஒரே ஆள் பல திரைகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. அமெரிக்காவில் ஸ்டான்லி டர்வுட் 1963-லேயே கான்சஸ் சிட்டியின் வணிக வளாகம் ஒன்றில் இரட்டை அரங்கு திறந்திருந்தார். ஒரு திரையில் படம் படுத்தாலும் இன்னொன்று செலவைத் தாங்கும். ஆயிரம் இருக்கைகளோடு ஒரே திரையை நம்பி நின்ற அரங்குக்கு அந்த வசதி கிடையாது. சிலர் நடுவே சுவர் எழுப்பிப் பார்த்தார்கள். பக்கத்துப் படத்தின் சண்டைச் சத்தம் இந்தப் பக்கம் கேட்டது. இருக்கைகள் திரைக்கு நேராக இல்லாமல் போயின. பார்க்கவே மனம் கசந்த ஏற்பாடு அது.

பிலிம் இல்லாமல் டிஜிட்டலில் படம் காட்டுவதற்கான பொது விதிமுறைகள் 2005-ல் வந்தன. பிலிம் பிரிண்ட் போடும் செலவு தயாரிப்பாளருக்கு மிச்சம். புதுக் கருவி வாங்கும் சுமை சிறிய அரங்கின் தலையில். பிரிண்ட் வருவது நின்றபோது பலர் கதவைச் சாத்திவிட்டார்கள்.

பழைய அறைகளில் சுவர் ஏன் அத்தனை தடிமன், ஒளி அரங்குக்குள் போகும் துவாரங்களுக்கு ஏன் இரும்புத் தட்டி என்று இன்று கேட்பார் இல்லை. 1950-களின் தொடக்கம் வரை புழங்கிய நைட்ரேட் பிலிம் பற்றிக்கொண்டால் தண்ணீரிலும் அணையாது. தீ அரங்குக்குள் பரவாமலிருக்கத்தான் அந்த ஏற்பாடு.

இடிப்பதற்குள் அந்த அறையைப் படமெடுத்து வெளியிடுங்கள். எந்த வாரம் எந்தப் படம் ஓடியது என்று குறித்த பதிவேடுகள் கிடைத்தால் நகலெடுத்து வையுங்கள். அங்கே வேலை பார்த்த ஆபரேட்டர்கள் இருந்தால் அவர்களிடம் பேசுங்கள். எல்லாருக்கும் வயதாகிவிட்டது, தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆபரேட்டர் ஒருவர்