ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் டாப்சிலிப் நடைப்பயணம்: பெற்றோர் கவனத்திற்கு

மதிப்பிற்குரிய பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விடுமுறை முடிந்த மறுவாரம் நம் ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியர் ஆனைமலைப் புலிகள் காப்பகத்திலுள்ள டாப்சிலிப்புக்குச் சென்று, வனத்துறை விடுதியில் இரண்டு இரவுகள் தங்கி, கரியன்சோலைக் காட்டுப்பாதையில் நடக்க இருக்கிறார்கள். கூடாரம் அடித்துத் தங்க வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. யானைகள் இரவில் நடமாடும் இடத்தில் அதற்கு நான் இணங்கவில்லை.

மழைக்காலத்தில் சோலைக்குள் அட்டைக்கடி தாங்காது. மாசி பிறந்தால் புல் காய்ந்து காட்டுத்தீ அபாயம் தொடங்கிவிடும் என்பதால் தை மாதத்தைத் தேர்ந்தெடுத்தோம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் தீயில் சிக்கி இறந்ததை நீங்கள் அறிவீர்கள். அதன் பிறகு அரசு வகுத்த மலையேற்ற விதிகளின்படி முன் அனுமதி பெற்று, வனத்துறை வழிகாட்டியுடன் மட்டுமே நடப்போம். காடர், மலசர் போன்ற பழங்குடி மக்களுக்கு ஒடிந்து கிடக்கும் மூங்கிலைப் பார்த்தே யானை எவ்வளவு நேரத்துக்கு முன் போனது என்று சொல்லத் தெரியும். அப்படிப்பட்ட வழிகாட்டி நில் என்றால் ஆசிரியர்களும் நின்றுதான் ஆக வேண்டும்.

பெற்றோர் பலரும் என்னிடம் கேட்பது யானையைப் பற்றித்தான். என் கவலை வேறு. பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற அச்சத்தில் வீசிங், வலிப்பு, தேனீ கொட்டினால் உடல் வீங்கும் ஒவ்வாமை ஆகியவற்றைப் படிவத்தில் எழுதாமல் விடும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அங்கே செல்போன் தொடர்பை நம்ப முடியாது. பெரிய மருத்துவமனைக்கு மலைப்பாதையில் இறங்கிப் பொள்ளாச்சி வரை வர வேண்டும். உண்மையை எழுதினால் எந்தப் பிள்ளையையும் அதற்காகவே ஒதுக்க மாட்டோம். மருத்துவரைக் கேட்டு, நடக்கும் தூரத்தைக் குறைப்போம். இன்ஹேலர் பயன்படுத்துவோருக்கு இரண்டு கொடுத்தனுப்புங்கள்: ஒன்று பிள்ளையின் சட்டைப்பையில், மற்றொன்று வகுப்பாசிரியரிடம்.

இதற்கென்று புது ஷூ வாங்க வேண்டாம், கால் கொப்பளித்துவிடும். பழகிய கான்வாஸ் ஷூவே போதும். பளிச்சென்ற நிற உடை, வாசனைத் திரவியம், பிளாஸ்டிக் உறையிட்ட தின்பண்டம் ஆகியவற்றைத் தவிர்த்து, ஸ்வெட்டரும் எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலும் மறவாமல் வையுங்கள்.

மரங்கள் வெட்டப்பட்டு வெறுமையான இம்மலையில் மீண்டும் தேக்கு வளர்த்த ஆங்கிலேய வன அதிகாரி ஹியூகோ வுட்டின் கல்லறை டாப்சிலிப்பில் உள்ளது. அதையும் பிள்ளைகளுக்குக் காட்டுவோம்.

கையொப்பமிட்ட ஒப்புதல் படிவத்தையும் மருத்துவப் படிவத்தையும் வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பிக்க வேண்டுகிறேன். நேரில் சொல்ல விரும்பும் உடல்நலச் செய்தி இருந்தால், மாலை 4 மணிக்கு மேல் என் அறைக்கு வரலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்