பச்சைப் புள்ளி இல்லாத சாக்லேட்

அன்பு மகள் நஸ்ரினுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே எல்லோரும் நலம். கொடைக்கானலில் மழை விட்டபாடில்லை. ஏழு ரோட்டில் ஆள் நடமாட்டமே இல்லாததால் கடையைச் சீக்கிரம் அடைத்துவிடுகிறேன். பெரியகுளத்து வரன் பேச்சை இதில் எடுக்கப் போவதில்லை, பயப்படாதே. இது சாக்லேட் விஷயம்.

நீ கொடுத்துவிட்ட மார்ஸ் பார்கள் பீரோவிலேயே கிடக்கின்றன என்று தங்கச்சி உன்னிடம் சொல்லிவிட்டாளாம். அதிலிருந்துதான் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய் போலிருக்கிறது. உன்மேல் சந்தேகப்பட்டு அம்மா அதை எடுத்து வைக்கவில்லை மா. ஹலாலா என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பச்சைப் புள்ளி இல்லை, அவ்வளவுதான். அது நம் நாட்டுச் சட்டம், இங்கிலாந்தில் கிடையாது என்று சொன்னேன். "அப்போ எதை வைத்துத் தெரிந்துகொள்வது?" என்றாள். சாக்லேட் காய்ச்சி விற்கிறவன் பதில் சொல்ல வேண்டுமே!

பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பொடிப் பொடி எழுத்து, பாதி மடிப்புக்குள் போய்விடுகிறது. சர்க்கரை, பால் பவுடர், கோகோ, சூரியகாந்தி எண்ணெய், சோயா லெசித்தின், முட்டை வெள்ளைக்கரு. பார்லி மால்ட் என்று படித்ததும் "பீரா?" என்று பதறினாள் உன் அம்மா. நீ குடித்து வளர்ந்த ஹார்லிக்ஸில் இருப்பதும் பார்லி மால்ட்தான் என்ற பிறகுதான் அடங்கினாள். முட்டை இருப்பதால் இங்கே அதற்குப் பச்சைப் புள்ளி கிடைக்காது, பழுப்புக் குறிதான் போட வேண்டும். ஆனால் முட்டை நமக்கு ஆகுமே. அதேபோல், பச்சைப் புள்ளி இருந்துவிட்டால் மட்டும் போதாது. கறி, மீன், முட்டை இல்லை என்றுதான் அது சொல்லும், சாராயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ரம் அண்ட் ரெய்சின் கேட்டு எத்தனை டூரிஸ்ட் வருகிறார்கள்! அதில் நிஜ ரம்மையே ஊற்றினாலும் புள்ளி பச்சைதான். நம் கடையில் அது கிடையாது என்பது உனக்குத் தெரியும்.

இடித்தது ஒன்றுதான், "வே" (whey) என்பது. பாலைத் திரித்துச் சீஸ் எடுத்த பிறகு மிஞ்சும் தண்ணீர் அது. திரிப்பதற்குப் போடும் ரென்னெட்டைக் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்தும் எடுப்பார்கள், பூஞ்சையிலிருந்தும் எடுப்பார்கள். 2007 மே மாதம் பிரிட்டனில் மார்ஸ் கம்பெனியே விலங்கு ரென்னெட் பக்கம் போகப் போவதாகச் சொல்லியிருக்கிறது. சைவக்காரர்கள் கொதித்தெழுந்ததும் அதே மாதத்தில் பின்வாங்கிவிட்டது. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமும் கேட்டேன். ரென்னெட்டில் இமாம்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு, நம் இமாம் அபூ ஹனீபா ஆகும் என்றிருக்கிறார் என்றார். சாப்பிடலாம் என்று முடிவு செய்துவிட்டோம். அம்மாவே முதலில் பிரித்தாள். இனிப்பு கொஞ்சம் தூக்கல் என்றாள், ஆனால் முழுசாகச் சாப்பிட்டாள்.

மார்ஸ் சரி என்பதால் எல்லாமே சரி என்று ஆகிவிடாது மா. பின்பக்கம் படித்துவிட்டுச் சாப்பிடு. ஜெலட்டின் என்றிருந்தால் தொடாதே. கொழுப்பும் தண்ணீரும் பிரியாமல் இருக்கச் சேர்ப்பதை E471 என்று எண்ணாகப் போட்டிருப்பார்கள், அது செடியிலிருந்தும் வரும், மிருகக் கொழுப்பிலிருந்தும் வரும், விசாரி. கிறிஸ்மஸுக்கு வார்டில் டப்பா டப்பாவாகக் கொடுப்பார்கள், சிலதில் உள்ளே மதுவே ஊற்றியிருப்பார்கள். பின்பக்கம் படி.

1932இல் முதல் மார்ஸ் பார் செய்ததே நீ இருக்கும் ஸ்லாவ் ஊரில்தானாமே! அந்த ஊர் ஆஸ்பத்திரியில் என் மகள் நர்ஸ் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். ஊர்பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் ராத்திரி முழுக்கக் கண்விழிக்கிறாய், எங்களுக்கு ஒரு வரி மெசேஜ் போட முடியவில்லையா? அங்கே யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று நான் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. என்ன சாப்பிட்டாலும் பின்பக்கம் படி.

பெரியகுளத்தாருக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். அவர்களுக்காக நீ சரி என்று சொல்ல வேண்டாம். அம்மாவிடம் இன்னும் இதைச் சொல்லவில்லை, நீ போன் பண்ணினால் முதல் வேலையாக அதைக் கேட்டுவிடாதே.

மலைப்பூண்டும் நம் கடை பாதாம் சாக்லேட்டும் கட்டி வைத்திருக்கிறேன். யாரிடம் கொடுத்துவிடுவது என்று சொல். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கடையில் தனியாகத்தான் இருப்பேன், அப்போது கூப்பிடு.

உன் அத்தா