எங்கள் கணினி அறைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவுக்கு மேலே, தேயிலை மலைகளுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் பாடசாலை. அங்கே இப்போது ஏழு கணினிகள் ஓடுகின்றன. நகரத்தில் இருப்பவர்களுக்கு ஏழு என்பது ஓர் எண்ணிக்கையாகவே தோன்றாது. மூன்று வருடம் அட்டையை வைத்துத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பித்த எனக்கு அது பெரிய கணக்கு.

அட்டை என்றால் பிஸ்கட் பெட்டி அட்டைதான். கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதிய விசைப்பலகை. பிள்ளைகள் அதில் விரல் வைத்துத்தான் பழகினார்கள். அறை திறந்த அன்று பதினோராம் தரப் பிள்ளை ஒருத்தி உண்மையான விசைப்பலகையில் விரலை வைத்தாள், வைத்த வேகத்திலேயே எடுத்துவிட்டாள். "டீச்சர், இது அமுங்குது" என்றாள். எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்பது அவளுக்கு மனப்பாடம். விசை கீழே இறங்கும் என்பது தெரியாது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

இதே பிள்ளை பதினோராம் தர முடிவில் எழுதப் போகும் சாதாரண தரப் பரீட்சை வினாத்தாளைத்தான், அறை நிறையக் கணினி வைத்திருக்கும் கொழும்புப் பாடசாலைப் பிள்ளையும் எழுதுகிறது. தாள் ஒன்று, நேரம் ஒன்று, புள்ளித்திட்டமும் ஒன்று. 1945 இல் இலவசக் கல்வி வந்த நாடு இது. ஆனால் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்க 1970கள் ஆயின. அந்த முப்பது வருடப் பின்தங்கல் எங்கள் வகுப்பறைகளில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. கணினி அறிவு பற்றிப் புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிடும் அட்டவணைகளில் நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று வரிசை இருக்கும். கடைசியில் நிற்பது நாங்கள். 2013 இல் உயர்தரத்துக்குத் தொழினுட்பப் பிரிவு வந்தபோது சந்தோஷப்பட்டோம். அதைப் படிப்பிக்க ஆளும் கூடமும் உள்ள பாடசாலை எங்கள் பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்தில் வேண்டுமே. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியதும் பாடம் வாட்ஸ்அப்புக்குப் போனது. வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அந்த நாட்களில் என் வகுப்பிலிருந்து கழன்று போன பிள்ளைகளில் சிலர் திரும்பி வரவே இல்லை. அவர்களை நினைக்காமல் இந்த மடலை எழுத முடியாது.

முதல் நன்றி, பம்பலப்பிட்டியில் கணினி திருத்தும் எங்கள் பழைய மாணவனுக்கு. தம்பி, உனக்கு முன்னால் ஓர் அமைப்பு எட்டுக் கணினிகள் கொண்டுவந்தது. மேடை போட்டோம், மாலை போட்டோம், படமும் எடுத்தார்கள். மறுநாள் சுவிட்சைப் போட்டால் இரண்டுக்குத்தான் உயிர் இருந்தது. நீ வந்தபோது மேடை இல்லை. இரவு பஸ்ஸில் வந்து, முகத்தைக் கழுவிவிட்டு, தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்தாய். பழைய ரேமும் பவர் சப்ளையும் மாற்றி, செத்துக் கிடந்த ஆறில் ஐந்தை எழுப்பினாய். ஆறாவதைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறதென்று பிள்ளைகளுக்குக் காட்டினாய். அது இப்போதும் மூடியில்லாமல் மேசையில் இருக்கிறது. அதைச் சுற்றித்தான் எப்போதும் கூட்டம். உன் சாமான் பெட்டிகளுக்குக் காசு வாங்காத அந்த மஸ்கெலியா பஸ் கண்டக்டர் அண்ணனுக்கும் இதில் பங்கு உண்டு.

தேயிலைத் தொழிற்சாலை எலக்ட்ரீஷியன் ஐயாவுக்கு. சித்திரை மாதத்துப் பின்னேர இடியில் எத்தனை டிவி கருகியதென்று தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஐயா தன் லீவு நாளில் வந்து, அறைக்குப் பின்னால் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டுச் செப்புக் கம்பியை இறக்கி எர்த் கொடுத்தார். "இடி முழங்கினா பிளக்கைக் கழட்டிரணும், எர்த் இருக்குன்னு நம்பி இருந்திராதீங்க" என்று பிள்ளைகளிடம் மூன்று தடவை சொன்னார். அந்த வார்த்தையைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

ஹட்டனில் இருந்து சனிக்கிழமைகளில் வரும் ஆசிரியருக்கு. எங்கள் மலையில் சிக்னல் நிற்காது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் உள்ள பாடங்களையும் பழைய வினாத்தாள்களையும் இரவிரவாக இறக்கி, ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுவருகிறீர்கள் சேர். டேட்டா காசு உங்கள் பொக்கெட்டில் இருந்து போகிறது என்பது எனக்குத் தெரியும். கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால் இங்கே எல்லோருக்கும் முன்னால் சொல்கிறேன்.

எங்கள் தாய்மாருக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போடும் தோட்டம் இது. அப்படியும் ஒவ்வொருவரும் ஒருநாள் பேரை இந்த அறைக்குத் தந்தார்கள். மேசை, கதவு, பூட்டு எல்லாம் அந்தக் காசு. பனி இறங்கும் மாதங்களில் சுவரே வியர்க்கும் ஊரில் கணினிக்கு உறை வேண்டுமென்றேன். கொழுந்து பறிக்கும்போது நனையாமல் இடுப்பில் கட்டும் படங்கை வெட்டி, ஓரம் மடித்து, ஏழு உறைகள் தைத்துக்கொண்டு வந்தார்கள். ஓர் உறையில் சிவப்பு நூலால் பூ. யார் தைத்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் கணினியில் உட்காரத்தான் பிள்ளைகளுக்குள் போட்டி.

காவல்காரத் தாத்தாவுக்கும் நன்றி. ஈரம் ஏறாமல் இருக்க அலுமாரிக்குள் ஒரு நாற்பது வாட் பல்ப் இரவெல்லாம் எரிய வேண்டும். ஒருநாளும் அவர் மறந்ததில்லை.

ஏழு கணினிகளுக்கு முப்பத்திரண்டு பிள்ளைகள். இன்னும் முறை வைத்துத்தான் உட்காருகிறார்கள். கேட்பதற்கு இது இடமில்லை, ஆனால் கணக்கை மறைக்கவும் மனமில்லை.

தம்பி, தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது பாடசாலைப் பக்கமும் ஏறி வா. "அமுங்குது" என்று சொன்ன பிள்ளை உனக்குத் தமிழில் ஒரு கடிதம் தட்டச்சு செய்து வைத்திருக்கிறாள். தபாலில் போடுவோம் என்றேன், நேரில்தான் தருவாளாம்.

அன்புடன்,
உங்கள் கணினி ஆசிரியை