கயலின் கவுன் விஷயமாக

பாரீஸ்,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

அன்புள்ள சுமதி,

திட்டாதே. உன் மூன்று வாய்ஸ் மெசேஜையும் கேட்டேன். மூன்றாவதில் "இருக்கியா, செத்தியா?" என்று நீ கத்தியதில், பக்கத்தில் காஜா எடுத்துக்கொண்டிருந்த பெண் தமிழே தெரியாமல் நிமிர்ந்து பார்த்தாள். இங்கே கல்யாணமெல்லாம் வெயில் காலத்தில்தான் என்று உனக்குத் தெரியும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை எனக்கு ஞாயிறு கிடையாது. மற்றபடி நலம். முழங்கால் அப்படியேதான். அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தாயாம். காசு வேண்டாம் என்று அடம்பிடிக்காதே.

சரி, கயல் அனுப்பிய படத்துக்கு வருகிறேன். குடை மாதிரி விரிந்த பாவாடை, மார்பு முழுக்கக் கல், நாலு பேர் தூக்க வேண்டிய வால். "சித்தி, இதுதான் பிரெஞ்சு பிரைடல் கவுன், ரிசப்ஷனுக்கு இதே மாதிரி வேணும்" என்று எழுதியிருக்கிறாள். பட்டறையில் எங்கள் தலைமைத் தையல்காரி, பிரமியேர் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னாள்: "த்ரோ." அதிகம். இந்த ஊரில் உடுப்பைப் பற்றி அதைவிடப் பெரிய வசவு கிடையாது.

இவர்கள் ரசனை வேறு, சுமதி. முன்னால் பார்த்தால் நம் தையல் வகுப்பு சிஸ்டர் மாதிரி கழுத்து மூடி இருக்கும். திரும்பினால் முதுகு இடுப்புவரை திறந்திருக்கும், இல்லையென்றால் தோல் தெரிகிற மெல்லிய லேஸ். முதலில் எனக்கு விளங்கவில்லை. ஒரு தரம் சர்ச்சில் போய் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது: சொந்தக்காரர்கள் ஒரு மணி நேரம் பார்ப்பது பெண்ணின் முதுகைத்தான்! கழுத்திலிருந்து கீழே வரிசையாகத் துணி போர்த்திய குட்டிக் குட்டிப் பொத்தான்கள். பாதி டிரஸ்ஸில் அதெல்லாம் சும்மா அழகுக்கு, அடியில் ஜிப் இருக்கும். கொண்டை கலைந்த மாதிரி இருக்க வேண்டும். அதைக் கலைக்க இரண்டு மணி நேரம் ஆகும். மேக்கப் போட்டதே தெரியக்கூடாது, அதற்கும் காசு. நம் ஊர் பியூட்டி பார்லர் அக்கா இங்கே வந்தால் அழுதுவிடுவாள்.

அப்புறம், இங்கே சட்டப்படி கல்யாணம் என்றால் மேரியில், அதாவது நகராட்சி மாளிகையில், நடப்பதுதான். (நம் பாண்டிச்சேரிக் கடற்கரையில் மழையில் இடிந்து விழுந்து, மறுபடி கட்டினார்களே, அதே மேரிதான்.) சர்ச் வேண்டுமென்றால் அதற்கப்புறம். நீலம், வெள்ளை, சிவப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு மேயர் சட்டப் புத்தகத்திலிருந்து நாலு ஷரத்து படிப்பார், இரண்டு பேரும் சம்மதம் சொல்வார்கள், கையெழுத்து, கால் மணி நேரத்தில் முடிந்தது. இப்போது நிறையப் பெண்கள் அதற்கென்று தனியாகத் தைக்கிறார்கள்: முழங்கால்வரை ஒரு குட்டை டிரஸ், இல்லாவிட்டால் வெள்ளைக் கோட்டும் பேன்ட்டும். பெரிய டிரஸ்ஸையே மேலே தனி, பாவாடை தனி என்று தைக்கச் சொல்கிறவர்களும் உண்டு. மேல் துண்டை அப்புறம் ஜீன்ஸோடு போட்டுக்கொள்ளலாமாம். கயலுக்கு நான் யோசித்து வைத்திருப்பது இந்த மாதிரிதான். கேட்டுச் சொல்.

இனி நீ சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை, லேஸைப் பற்றிச் சொல்லியே தீருவேன். போன நவம்பரில் வடக்கே கலே என்ற ஊருக்குப் போனேன். பழைய லேஸ் ஃபாக்டரி ஒன்றை மியூசியம் ஆக்கியிருக்கிறார்கள், அங்கே தறியை ஓட்டியும் காட்டுகிறார்கள். லீவர்ஸ் தறி என்று பேர். இரும்பும் எண்ணெயுமாக லாரி நீளத்துக்கு நிற்கிறது, எடை பத்து டன். ஓட ஆரம்பித்ததும் பல்லெல்லாம் ஆடியது. அதற்குள்ளே ஆயிரக்கணக்கான இழைகள், அடியிலிருந்து மூச்சு மாதிரி எழும்பி வருகிறது ஒரு ரோஜா. புதுத் தறி இப்போது யாரும் செய்வதில்லை. நூறு வயசான தறிகளையே ரிப்பேர் பார்த்துப் பார்த்து ஓட்டுகிறார்கள். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்தத் தறி பிரெஞ்சுக்காரனுடையதே இல்லை. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் பிறந்தது. வெளியே கொண்டுபோகக் கூடாது என்று அவர்கள் தடை போட்டிருக்க, 1816 வாக்கில் கடத்திக்கொண்டு வந்துவிட்டார்கள். 2011-ல் இளவரசர் வில்லியமைக் கட்டிய கேட்டின் கல்யாண உடுப்புக்கு லேஸில் ஒரு பகுதி போனது கலே மாதிரியே லேஸுக்குப் பேர்போன கோட்ரியிலிருந்து! கடத்தியதை மீட்டரில் அளந்து திருப்பி விற்றிருக்கிறார்கள்.

இந்த லேஸை வெட்டுவதை நீ பார்க்க வேண்டும். நேராக வெட்டித் தோளில் தையல் போட்டால் பூ இரண்டாகிவிடும். அதனால் பூவின் விளிம்பை ஒட்டியே கத்தரியை வளைத்து வளைத்து வெட்டி, முன்பக்கத்துப் பூவைப் பின்பக்கத்து வலைமேல் ஏற்றி, கண்ணுக்குத் தெரியாத தையலாகக் கையாலேயே போட வேண்டும். தோள் எங்கே முடிகிறது, முதுகு எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவே கூடாது. ஒரு தோளுக்கு எனக்கு அரை நாள். அலான்சோன் என்று ஓர் ஊர் இருக்கிறது, அங்கே தறியும் இல்லை, வெறும் ஊசியால் லேஸ் பண்ணுகிறார்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 7 மணி நேரம். கயலுக்கு அதில் ஒரு ஜாக்கெட் இப்போது ஆர்டர் கொடுத்தால் அவள் பேத்தி கல்யாணத்துக்குத் தயாராகும்.

உன் மாமியார் விஷயம். "கல்யாணத்தன்னிக்கு வெள்ளையா, நான் மண்டபத்துக்கே வரமாட்டேன்" என்றாராம். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரோஸ்லின் வெள்ளைப் பட்டில் சர்ச்சுக்குள் நடந்ததை நாமெல்லாம் வாயைப் பிளந்து பார்த்தோம்தான். ஆனால் இந்தப் பட்டறையில் முதல் நாள் என் மடியில் வெள்ளை சாட்டினைப் போட்டபோது, அப்பா போன பிறகு அம்மா கட்டிய சேலைதான் ஞாபகம் வந்தது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கண் மங்கல் என்று பொய் சொன்னேன்.

மாமியாரிடம் இதைச் சொல்: இந்த நாட்டு ராணிகளுக்கும் ஒரு காலத்தில் துக்கத்துக்கு வெள்ளைதான். புருஷனை இழந்தவளுக்கு "வெள்ளை ராணி" என்றே பேர். அந்தக் காலத்தில்தான் 1558-ல் ஸ்காட்லாந்து ராணி மேரி ஸ்டூவர்ட் வெள்ளை உடுத்திக்கொண்டு நோத்ர்தாமில் கல்யாணம் செய்துகொண்டாள். கிராமத்துப் பெண்கள் கறுப்பிலேயே கல்யாணம் செய்துகொண்டதும் உண்டு. அதையே அப்புறம் வருஷக்கணக்கில் நல்ல நாளுக்குப் போடலாமே. விக்டோரியா ராணி 1840-ல் போட்ட பிறகுதான் வெள்ளை மோகம் பிடித்தது. 1959-ல் சினிமா நடிகை பிரிஷித் பார்தோ கல்யாணத்துக்குப் போட்டது இளஞ்சிவப்புக் கட்டம் போட்ட பருத்தி. கட்டம் என்றதும் உனக்கு டாட்டி பை, அதான் அந்த மலிவுத் துணிக்கடையின் கட்டம் போட்ட பை, ஞாபகம் வரும். உன் பீரோ மேலே ஒன்று இன்னும் இருக்குமே? பத்திரமாக வை, இங்கே பார்பெஸில் இருந்த அந்தக் கடையையே 2021-ல் மூடிவிட்டார்கள்.

இவ்வளவும் சொல்லி அவர் சமாதானமாக மாட்டார், எனக்கும் தெரியும். அதனால் நான் அனுப்பப்போவது வெள்ளை இல்லை, தந்த நிறம். இங்கேயும் சுத்த வெள்ளை அதிகம் பேர் போடுவதில்லை, முகம் வெளிறிப் போகும். அது போதாது என்றால் டீத்தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுப்பேன், சந்தனம் மாதிரி ஆகிவிடும்.

கயல் பிடிவாதம் பிடித்தால் இதையும் சொல். பெரிய ஷோவில் கடைசியாகக் கல்யாணப் பெண் உடுப்பு வரும், அது வழக்கம். 1965-ல் சேன் லோரான் என்ற டிசைனர் அந்தப் பெண்ணைத் தலையிலிருந்து கால்வரை கம்பளி நூலில் பின்னி மூடி, முகத்தை மட்டும் வெளியே விட்டார். அதுவும் பிரெஞ்சு பிரைடல்தான். ஜூன் மாதம் பாண்டிச்சேரியில் அதைப் போட்டுக்கொண்டு நிற்கிறாளா என்று கேள்.

இனி வேலை. முதலில் காடாத் துணியில் தைத்து அனுப்புகிறேன். அவள் போட்டுக்கொள்ளட்டும், நீ குண்டூசி குத்திப் படம் எடுத்து அப்படியே திருப்பி அனுப்பு. சிஸ்டர் உன்னை மூன்று தரம் பிரிக்கச் சொன்ன அந்தக் கையை ஞாபகம் வைத்துக்கொண்டு குத்து. அன்றைக்குப் போடப்போகிற செருப்பிலேயே நின்று அளவெடு, இல்லாவிட்டால் பாவாடை தரையைக் கூட்டும்.

கீழ் ஓரம் மட்டும் நான்தான் தைப்பேன். இந்த ஊர்த் தையல்காரப் பெண்களுக்கு ஒரு நம்பிக்கை: கல்யாண உடுப்பின் ஓரத்தில் தன் தலைமுடி ஒன்றை வைத்துத் தைத்தால் அந்த வருஷமே கல்யாணமாம். 25 வயதில், கல்யாணமாகாதவளுக்கு என்று சேன்ட் கத்தரீன் நாளில் பச்சையும் மஞ்சளுமாகத் தொப்பி வைத்து என்னை உட்கார வைத்தார்களே, அன்றிலிருந்து பதினோரு உடுப்பில் வைத்துத் தைத்திருக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை. பலன்தான் உனக்குத் தெரியுமே. கயலுடையதிலும் ஒன்று வைக்கலாமா என்று பார்க்கிறேன். இப்போது என் தலைமுடியும் தந்த நிறம்தான், மாமியார் கண்ணிலேயே படாது.

செருப்பு மறக்காதே.

உன்,
கலா