‘டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க’

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதம் பகுதியில ஒருத்தர், டாக்டர்னா சிரிச்ச முகமா இருக்கணும், அன்பா நாலு வார்த்தை பேசுனாலே பாதி நோய் போயிடும்னு எழுதியிருந்தார். நல்ல மனசோடதான் எழுதியிருக்கார், ஆனா பாதி நோயெல்லாம் போகாது சார். நான் ஒரு சின்ன டவுன்ல மெடிக்கல் ஷாப்ல பார்மசிஸ்ட். கடைக்கு ரெண்டு பக்கமும் கிளினிக், டாக்டர் ரூமை விட்டு வெளிய வர்றவங்க அடுத்து வந்து நிக்கிற இடம் எங்க கவுண்டர்தான். டாக்டர்கிட்ட கேக்காம விட்ட கேள்வி பூரா இங்கதான் வரும், அவர்கிட்ட சொல்லாம மறைச்சதும் இங்கதான் வரும். அதை வச்சு சொல்றேன், டாக்டர் எப்படி பேசுறார்ங்கிறது மனசுக்கு இதமா இருக்கிற சமாச்சாரம் மட்டும் இல்ல, சீட்டுல எந்த மாத்திரை எழுதுறார்ங்கிறதே அதைப் பொறுத்து மாறுது.

எப்படின்னா, சுகர் இருக்கிற ஒரு அம்மா, மார்க்கெட்ல ஒக்காந்து பூ கட்டி விக்கிறவங்க, சீட்டை நீட்டிக்கிட்டே "தம்பி அந்த பெரிய வெள்ளை மாத்திரை மட்டும் வேணாம், வீட்லயே நெறைய கெடக்கு"ன்னாங்க. அது மெட்ஃபார்மின். ஏம்மா கெடக்குதுன்னு கேட்டா, "அதைப் போட்டா வயித்தைக் கலக்குது, காலையில ரெண்டு மூணு தடவை ஓட வேண்டியிருக்கு, கடையை விட்டுட்டு நான் எங்க போறது, அதான் நிறுத்திட்டேன், டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, கத்துவாரு"ன்னாங்க. சீட்டைப் பாத்தா புதுசா கிளிமிபிரைடு சேர்த்திருக்கு. டாக்டர் மேல என்ன குத்தம் சொல்றது, மெட்ஃபார்மின் சாப்பிட்டும் சுகர் எறங்கலன்னா இன்னொண்ணு சேர்க்கிறதுதான் முறை, ஆனா இவங்க முதல் மாத்திரையையே சாப்பிடலங்கிறது அவருக்குத் தெரியாதே. அதுலயும் கிளிமிபிரைடு, சாப்பாட்டு நேரம் தவறுனா சுகரை ரொம்ப கீழ எறக்கிவிட்டு வேர்த்துக் கொட்ட வச்சு ஆளை மயக்கம் போட வச்சிடும், மத்தியான சோறு மூணு மணிக்கா நாலு மணிக்கான்னு தெரியாத பொழப்பு அவங்களுது. வயித்தைக் கலக்குதுன்னு வாயைத் திறந்து சொல்லியிருந்தா, சாப்பாட்டோட சேர்த்துப் போடுங்க, இல்லன்னா மெதுவா கரையற எஸ்ஆர் மாத்திரை தர்றேன்னு டாக்டர் ஒரே வரியில முடிச்சிருப்பார். சொல்லல, ஏன்னா போன தடவை சுகர் ஏறுனப்ப வாங்குன திட்டு இன்னும் மறக்கல. திரும்பப் போய் சொல்லுங்கம்மான்னு கெஞ்சித்தான் அனுப்பி வச்சேன். போனாங்க, சீட்டு மாறி வந்துச்சு.

இந்த மாதிரி ஆளுங்க நெறைய பேர். டெஸ்டுக்கு முந்தி மூணு நாள் மட்டும் ஒழுங்கா மாத்திரை போட்டு சோத்தைக் குறைச்சு வெறும் வயித்து சுகரை அழகா காட்டுறவங்க உண்டு, பரீட்சைக்கு முந்தின ராத்திரி மட்டும் படிக்கிற பையன் கணக்கா, அப்புறம் ஹெச்பிஏ1சின்னு ஒரு ரத்த டெஸ்ட் எடுத்தா அது ரெண்டு மூணு மாசத்து வண்டவாளத்தையும் தண்டவாளத்துல ஏத்திடும். தலைசுத்தல் நின்னுடுச்சுல்ல இனி எதுக்குன்னு பிரஷர் மாத்திரையை நிறுத்துறவங்க, நாட்டு மருந்தும் இதுவும் சேர்த்து சாப்பிடுறவங்க, காசு பத்தாம ஒரு மாத்திரையை ரெண்டா உடைச்சு ரெண்டு நாளைக்கு வச்சுக்கிறவங்க. இந்தக் கடைசி ஆளுங்க எந்த டாக்டர்கிட்டயும் வாயைத் திறக்கவே மாட்டாங்க. காசு இல்லன்னு சொல்றதுக்கு உடம்பைக் காட்டுறதை விட வெக்கம் ஜாஸ்தி.

ஆறுதலா தலையைத் தடவிக் குடுங்கன்னு நான் டாக்டருங்களை கேக்கல, கேள்வி கேக்குற விதத்தை கொஞ்சம் மாத்துங்கன்னுதான் கேக்குறேன். "மாத்திரையெல்லாம் கரெக்டா போடுறியா?"ன்னு கேட்டா ஊர்ல உள்ள அத்தனை பேரும் "போடுறேன் சார்"னுதான் சொல்வாங்க, அந்தக் கேள்விக்கு வேற பதிலே கிடையாது. "நெறைய பேருக்கு தினமும் போட முடியறதில்ல, உங்களுக்கு வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போகுது?"ன்னு கேட்டுப் பாருங்க. "ஒரு மூணு நாள் சார்"னு சாதாரணமா வரும், ஏன்னா விட்டுப்போறது ஒண்ணும் கொலைக்குத்தம் இல்லன்னு நீங்களே முதல்ல சொல்லிட்டீங்க. அதே மாதிரி "புரிஞ்சுதா?"ன்னு கேட்டா தலை தானா ஆடும், வெளிய வந்து எங்ககிட்ட "என்ன சார் சொன்னாரு?"ன்னு கேப்பாங்க. அதுக்கு பதிலா "வீட்ல உங்க பொண்ணு கேட்டா எப்படி சாப்பிடணும்னு சொல்வீங்க, எனக்கு ஒரு தடவை சொல்லுங்க"ன்னா எது புரியலங்கிறது அங்கயே தெரிஞ்சுபோயிடும். அப்புறம் இன்னொண்ணு, அம்மா வயசுல இருக்கிறவங்களை "ஏம்மா நீ, வா, போ"ன்னு பேசுறது, பேஷண்டை முன்னாடி ஒக்கார வச்சுட்டு கூட வந்த மகன்கிட்ட மட்டும் இங்கிலீஷ்ல பேசுறது, இதெல்லாம் நடக்குற ரூம்ல மேல சொன்ன எந்தக் கேள்வியும் வேலைக்கு ஆகாது.

டைம் எங்க இருக்குன்னு டாக்டருங்க கேப்பாங்க, நியாயம்தான். 2017ல பிஎம்ஜே ஓபன்ங்கிற மருத்துவ ஆராய்ச்சிப் பத்திரிகையில பல நாட்டு கணக்கைச் சேர்த்து ஒரு ஆய்வு வந்துச்சு, ஒரு பேஷண்டுக்கு டாக்டர் குடுக்குற நேரம் ஸ்வீடன்ல 22 நிமிஷத்துக்கு மேல, பங்களாதேஷ்ல 48 செகண்ட், நம்ம நாட்டுல சுமார் 2 நிமிஷம். கவர்மெண்ட் ஆஸ்பத்திரி ஓபி க்யூவைப் பாத்தவங்களுக்கு அந்த 2 நிமிஷமே பெருசா தெரியும். இன்னொரு பக்கம், டைம் தாராளமா இருக்கிற அமெரிக்காவுல 1984ல ஒரு ஆய்வு பண்ணாங்க, பேஷண்ட் பேச ஆரம்பிச்சு சராசரியா 18 செகண்ட்ல டாக்டர் குறுக்க பூந்துடுறார்னு வந்துச்சு. அப்ப நேரம் இருந்தாலும் இந்தப் பழக்கம் போகாது போல. குறுக்க பூந்துடாம விட்டா எவ்ளோ நேரம் பேசிட்டே இருப்பாங்கன்னு 2002ல சுவிட்சர்லாந்துல அளந்து பாத்தாங்க, சராசரி 92 செகண்ட்தான் வந்துச்சு. நம்ம ஓபியில இருக்கிற 2 நிமிஷத்துல 92 செகண்டை காது குடுத்தே கழிக்க முடியுமான்னா முடியாது, நான் ஒத்துக்கிறேன். அதனாலதான் அன்பு பாசம்னு பெரிய வார்த்தையெல்லாம் விட்டுட்டு ஒரே ஒரு கேள்வியை சரியா கேளுங்கன்னு சொல்றேன், "கரெக்டா போடுறியா"வுக்கு ஆகுற அதே அஞ்சு செகண்ட்தான் இதுக்கும் ஆகும். வார்டு ரவுண்ட்ஸ்லயும் இப்படித்தான், அமெரிக்காவுல கன்சாஸ்ல ஒரு ஆஸ்பத்திரியில டாக்டர் நின்னுட்டே பேசுனா ஒரு மாதிரியும் பக்கத்துல ஒக்காந்து பேசுனா ஒரு மாதிரியும் பேஷண்டுங்க நேரத்தைக் கணக்கு பண்ணியிருக்காங்க, ஒக்காந்து பேசுன டாக்டர் ரொம்ப நேரம் இருந்தார்னு நெனச்சிருக்காங்க, நெசத்துல அவர் கூட நேரம் எடுத்துக்கல. பெட் பக்கத்துல ஒரு ஸ்டூல் போட என்ன செலவு? (நம்ம ஊர்ல அந்த ஸ்டூல்ல ஏற்கனவே சொந்தக்காரங்க நாலு பேர் ஒக்காந்திருப்பாங்கங்கிறது வேற விஷயம்.)

டாக்டருங்க பக்கத்தையும் சொல்லாம விடக்கூடாது. விடிய விடிய ட்யூட்டி பாத்துட்டு தூங்காம காலையில ஓபியில ஒக்கார்ற ஹவுஸ் சர்ஜன்கிட்ட, மாத்திரையை நிறுத்திட்டு மூச்சு வாங்கிட்டு வந்து நிக்கிற பேஷண்டைப் பாத்து கோவப்படாதேன்னு சொல்றது லேசு. கோவம் வர்றதே பல நேரம் அக்கறையிலதான், இந்த ஆளு சொன்னபடி கேட்டிருந்தா கால் புண்ணு இவ்ளோ தூரம் வந்திருக்காதேங்கிற வயித்தெரிச்சல். போதாக்குறைக்கு டாக்டரை அடிக்கிறது வேற சாதாரணமாயிடுச்சு, 2024 நவம்பர்ல சென்னை கிண்டியில கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குள்ளயே ஒரு கேன்சர் டாக்டருக்கு கத்திக்குத்து விழுந்துச்சு. அதை எந்த நியாயத்துலயும் சேர்க்க முடியாது, இவர் சரியா பேசியிருந்தா நடந்திருக்காதுன்னு அப்ப வாட்ஸ்அப்ல கெளப்பி விட்டவங்களுக்கு கொஞ்சம் கூட மனசாட்சி இல்ல.

2019ல இருந்து எம்பிபிஎஸ் படிப்புல பேஷண்டோட எப்படி பேசணும், எப்படி நடந்துக்கணும்னு தனியா பாடமே வச்சிருக்காங்க. அந்த முதல் பேட்ச் பசங்க இப்ப டாக்டரா வெளிய வந்தாச்சு, எங்க ஏரியாவுல புதுசா வந்த சின்ன டாக்டரம்மா ஒருத்தர் சீட்டுல காலை, ராத்திரின்னு தமிழ்ல எழுதி "சாப்பிட்ட பிறகு"ன்னு கீழ கோடு போட்டு அனுப்புறாங்க, எங்க கவுண்டர்ல கேள்வி பாதியா குறைஞ்சுபோச்சு. பாடம் படிச்சதாலயா அவங்க சுபாவமான்னு எனக்குத் தெரியாது. ஆனா வார்டுல சீனியர் எப்படி கத்துறாரோ அப்படித்தான் ஜூனியரும் நாளைக்கு கத்துவாங்க, அந்த சீனியருங்களுக்கும் இந்த வகுப்பை ஒரு ரவுண்டு எடுத்தா நல்லது.

உங்ககிட்டயும் ஒரு விண்ணப்பம் சார். ஞாயித்துக்கிழமை மருத்துவப் பக்கத்துல கீரை, பேரீச்சம்பழம், வாக்கிங்னு வாராவாரம் வருது, படிக்கிறோம், நல்லாத்தான் இருக்கு. ஒரே ஒரு வாரம், அதுல எழுதுற டாக்டருங்ககிட்ட "உங்க பேஷண்ட் உங்ககிட்ட மறைச்சது என்ன, அது எப்படி வெளிய வந்துச்சு?"ன்னு கேட்டு வாங்கிப் போடுங்க. பேர் ஊர் எதுவும் வேணாம். எங்களை மாதிரி பார்மசிஸ்ட், நர்ஸ் சிஸ்டர்ஸ்கிட்ட கேட்டீங்கன்னா இன்னும் ரெண்டு பக்கம் சேர்த்து ஒதுக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு மெடிக்கல் ஷாப் பார்மசிஸ்ட்,
திருவண்ணாமலை மாவட்டம்